வலம்புரி மரை, இடம்புரி மரை: வீட்டில் செய்த ஒரு டிரம் பிரேக் வேலை

2024 ஜூன் 28, வெள்ளிக்கிழமை இரவு. எங்கள் புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் நான்காம் தளத்துக்கு ஏறும் சரிவு. முன்னால் போன வேன் இடம் தேடிக்கொண்டு நடுவழியில் நின்றுவிட்டது. நானும் நின்றேன். கியரை நியூட்ரலுக்கு மாற்றி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, காலை எடுத்தேன். கார் மெல்லப் பின்னோக்கி உருண்டது.

காலை மீண்டும் பிரேக்கில் வைத்தேன். மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போய் அங்கே பிடித்தது. பின்னால் யாரும் இல்லை. கைப்பிரேக்கை மறுபடி இழுத்து எண்ணிப் பார்த்தேன்: 12 கிளிக். என் கார்க் கையேடு சொல்வது 6 முதல் 9 வரை. பன்னிரண்டிலும் கார் சரிவில் நிற்க மறுத்தது.

அந்தப் பின்பக்க டிரம் பிரேக்கை 20 நாளுக்கு முன்னால் புதிதாக்கியவன் நான்தான். புது ஷூ (சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்தி நிறுத்தும் துண்டு), புது வீல் சிலிண்டர், புது பிரேக் ஆயில். வாகனச் சோதனையிலும் தேறியிருந்தது. எல்லாமே புதிதாக இருந்தும் பிரேக் ஏன் நாளுக்கு நாள் இளைத்தது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். பட்டறை, கடை, உதிரிபாகம் எதன் மீதும் பழி இல்லை. தவறு முழுக்க என்னுடையது.

காரும் அதன் வியாதியும்

2010இல் பதிவான 1.5 லிட்டர் ஜப்பானியக் கார் அது. பத்தாண்டு முடிந்தபோது வாகன உரிமைச் சான்றிதழை இன்னொரு பத்தாண்டுக்குப் புதுப்பித்தேன். சிங்கப்பூரில் பத்து வயது தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும், சாலை வரியிலும் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போய் 50 விழுக்காட்டில் நிற்கும். சோதனையில் தேறாவிட்டால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை பள்ளித் தேர்வுப் பயம் வரும்.

அந்த ஆண்டு ஜூன் முதல் வாரத்தில் என் கார் தேறவில்லை. சோதனை நிலையத்தில் சக்கரங்களை இரட்டை உருளைகளின் மேல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் தனித்தனியாக அளப்பார்கள். பின்பக்கம் இடதுக்கும் வலதுக்கும் பெரிய வேறுபாடு இருந்தது. வலது சக்கரம் பாதி மனத்தோடு பிடித்தது.

பட்டறையில் கேட்ட விலை 320 வெள்ளி. நியாயமான விலைதான். ஆனால் எனக்கு வேறு ஒரு அரிப்பு இருந்தது. முன்பக்க டிஸ்க் பிரேக் பேடுகளை இரண்டு முறை நானே மாற்றியிருக்கிறேன். டிரம்மை மட்டும் ஏன் விட வேண்டும்?

அலுவலக நண்பர் ஒருவர், "இன்னுமா டிரம் பிரேக் வைத்துக் கார் செய்கிறார்கள்?" என்று கேட்டார். செய்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்குப் போய்விடுகிறது. பின்னால் டிரம் போதும், விலை குறைவு, கைப்பிரேக்கும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஃபோக்ஸ்வாகனின் மின்சாரக் கார்களான ஐடி.3, ஐடி.4 இரண்டுக்கும் பின்பக்கம் டிரம்தான். மின்மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் அந்தக் கார்களில் பிரேக்குக்கு வேலை குறைவு. திறந்து கிடக்கும் டிஸ்க் சும்மா இருந்து துருப்பிடிக்கும், மூடிய டிரம் பிழைத்துக்கொள்ளும்.

இடம்

இந்த ஊரில் காரைக் கழற்றி மாட்டத் துணிச்சலைவிட இடம்தான் அரிது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் பழுதுபார்ப்பு வேலைக்கு அனுமதி இல்லை. பிரேக் ஆயில் சிந்தினால் அடுத்தவர் காரின் சாயமும் போகும். என் மனைவியின் தாய்மாமாவுக்கு ஜாலான் காயு பக்கம் ஒரு தரைவீடு இருப்பது என் நல்லூழ். அவர் வீட்டு முன்றிலில் சமதளமான சிமென்டுத் தரை உண்டு, மேலே கூரையும் உண்டு. மாமா பஸ் பணிமனையில் 31 ஆண்டு மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். பஸ்ஸின் டிரம் அண்டா அளவு இருக்கும். என் காரின் 200 மில்லிமீட்டர் டிரம்மைப் பார்த்து, "இது என்ன மாப்பிள்ளை, சுண்டல் கிண்ணமா?" என்றார்.

ஜூன் 8, சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். மாமா அந்த நேரம் தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போயிருந்தார். அவர் திரும்பும்வரை காத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

கழற்றியபோது கண்டது

டிரம்மைக் கழற்றக் கைப்பிரேக்கை விடுவித்தாக வேண்டும். ஆகவே காரை அசையாமல் வைத்திருப்பது பார்க் கியரும் முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கொடுத்த முட்டுக்கட்டைகளும்தான். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அருகில் உட்காரக் கூடாது. இரண்டு ஜாக் ஸ்டாண்டுகளை வாங்கி வைத்திருந்தேன். இதில் கஞ்சத்தனம் செய்கிறவர் வேலையே செய்யாமல் இருப்பது நல்லது.

இடது டிரம் இரண்டு தட்டில் வந்துவிட்டது. வலது டிரம் பிடிவாதம் பிடித்தது. டிரம்மின் முகத்தில் இரண்டு மரைத்துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டைப் போட்டு மாற்றி மாற்றி அரைச்சுற்று முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். சுத்தியலால் அடித்து விளிம்பை உடைத்தவர்கள் பலர்.

உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு சித்திரம் தருகிறேன். பிறை நிலா வடிவில் இரண்டு ஷூக்கள் எதிரெதிரே நிற்கும். கீழே இரண்டும் ஒரு முட்டில் ஊன்றியிருக்கும். மேலே இரண்டுக்கும் நடுவில் வீல் சிலிண்டர். மிதியை அழுத்தினால் ஆயில் அழுத்தத்தில் சிலிண்டரின் இரு முனைகளும் ஷூக்களை வெளியே தள்ளி, சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். காலை எடுத்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். கார் முன்னோக்கிப் போகும்போது முன்பக்க ஷூவை டிரம்மின் சுழற்சியே இன்னும் இறுக்கமாக இழுத்துக்கொள்ளும். ஆகவே அந்த ஷூ அதிகம் உழைக்கும், அதிகம் தேயும்.

வலதுபக்கத்தில் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நுனியால் விலக்கிப் பார்த்தேன். உள்ளே ஈரம். கசிந்த ஆயில் ஷூவின் லைனிங்கில், அதாவது டிரம்மோடு உரசும் மேற்பட்டையில், ஊறி, அதைக் கறுப்பாகப் பளபளக்க வைத்திருந்தது. சோதனையில் வலது சக்கரம் பின்தங்கியதற்கு இதுவே காரணம். ஆயில் குடித்த லைனிங்கை உப்புத்தாளில் தேய்த்தும், கிளீனர் தெளித்தும் மீட்க முடியாது. சூடேறினால் உள்ளே இருப்பது மீண்டும் மேலே வரும். இடதுபக்கத்து லைனிங் 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது (புதிதில் 4, குறைந்தபட்சம் 1). ஆனாலும் ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்று போட்டால் மறுபடி இடது வலது சண்டை வரும். ஷூவும் சிலிண்டரும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்கியிருந்தேன்.

டிரம்மின் உட்புற விட்டத்தை அளந்தேன்: இடது 200.3, வலது 200.4. டிரம்மிலேயே அதிகபட்சம் 201 என்று பொறித்திருக்கும். அதைத் தாண்டினால் டிரம்மை மாற்ற வேண்டியதுதான். இரண்டும் தேறின.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய காலத்து லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. இப்போது வருபவற்றில் இல்லை என்றாலும் அந்தப் பொடியை மூச்சில் இழுப்பது யாருக்கும் நல்லதல்ல. காற்றழுத்தக் குழாயால் ஊதக் கூடாது. பிரேக் கிளீனரால் நனைத்து, கீழே தட்டு வைத்துப் பிடித்துத் துடைக்க வேண்டும். முகக்கவசம் கோவிட் காலத்தில் வாங்கியதே இன்னும் ஒரு பெட்டி மிச்சம் இருக்கிறது.

இப்போது தவறுக்கு வருகிறேன். உற்சாகத்தில் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் முழுக்கக் கழற்றிவிட்டேன். ஷூக்கள், ஸ்பிரிங்குகள், நெம்புகோல்கள், ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிக்கட்டும் அட்ஜஸ்டர்கள் எல்லாவற்றையும் ஒரே கோங் குவான் பிஸ்கட் தகரத்தின் மூடியில் குவித்து, கிளீனர் தெளித்து, பளிச்சென்று துடைத்து அடுக்கினேன். அவ்வளவு சுத்தமாக அந்த வேலையை எந்தப் பட்டறையும் செய்திருக்காது. எது எந்தப் பக்கத்துடையது என்று காட்டிய அழுக்கும் அத்தோடு போய்விட்டது. ஸ்பிரிங்குகளின் இடத்தை நினைவில் வைக்க இடதுபக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்திருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்தே இரண்டு பக்கத்தையும் பூட்டினேன், வலதுக்கு அதைக் கண்ணாடிப் பிம்பமாக எண்ணிக்கொண்டு.

எல்லாம் பொருந்தின. அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைத் திருகி ஷூவை டிரம் இறுகும்வரை விரித்து, கையேடு சொன்னபடி 8 பல் பின்வாங்கினேன். அதற்குள் மாமா வந்துவிட்டார். அவர் மிதியை மிதிக்க, நான் பிரேக் குழாயிலிருந்து காற்றெடுத்தேன். பழைய காரில் மிதியைத் தரைவரை அழுத்தக் கூடாது. மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்கள் அதுவரை போகாத துருப்பிடித்த பகுதியில் உரசிக் கிழியும் என்பதால், மிதிக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்தார். சக்கர நட்டுகளை டார்க் ஸ்பேனரால் 103 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். கைப்பிரேக் 7 கிளிக்கில் கச்சிதமாக நின்றது. திங்கட்கிழமை மறுசோதனையில் தேறியது. மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, 320 வெள்ளியை மிச்சப்படுத்திய பெருமையோடு வீடு திரும்பியிருந்தேன்.

இறங்குமுகம்

எனக்கு எதையும் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. பெட்ரோல் போட்ட கணக்கு எழுதும் நோட்டிலேயே கைப்பிரேக் கிளிக்கையும் எழுதிவந்தேன். ஜூன் 8 அன்று 7. ஜூன் 18 அன்றும் 7. ஜூன் 21 அன்று 8. புது லைனிங் டிரம்மோடு உரசிப் பழகும்போது கொஞ்சம் தேய்வது இயல்பு. அதைச் சரிக்கட்டத்தானே தானியங்கி அட்ஜஸ்டர் இருக்கிறது என்று கவலைப்படவில்லை.

ஜூன் 22, சனிக்கிழமை. பள்ளி விடுமுறையின் கடைசி வார இறுதி. சிங்கப்பூரை விட்டுப் போகும் காரில் முக்கால் தொட்டி பெட்ரோலாவது இருக்க வேண்டும் என்ற விதியை மதித்துத் தொட்டியை நிரப்பிக்கொண்டு குடும்பத்தோடு ஜொகூர் பாருவுக்குப் புறப்பட்டோம். கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் நீளம். அதைக் கடக்க, வரிசையோடு சேர்த்து, போகும்போது இரண்டு மணி நேரம், வரும்போது அதைவிட அதிகம். ஓரடி நகர்வது, நிற்பது, ஓரடி நகர்வது, நிற்பது. இரவு வீட்டுக்கு வந்து எண்ணியபோது 10 கிளிக். பிரேக் மிதியும் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

ஒரே நாளில் இரண்டு கிளிக். அந்த எண்தான் வழக்கைத் தீர்த்த சாட்சி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நான் முதலில் சந்தேகப்பட்டது காற்றை. குழாயில் காற்றுக் குமிழி மிச்சம் இருந்தால் மிதி இறங்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த பாடம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஜாலான் காயு. மாமா அன்று திருமண வீட்டுக்குப் போயிருந்தார், என் மகள் மிதியை மிதித்தாள். அரை லிட்டர் ஆயில் செலவானது. ஒரு குமிழிகூட வரவில்லை. மிதியும் ஏறவில்லை.

அடுத்து மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்பட்டேன். ஜாலான் புசார் பக்கத்து உதிரிபாகக் கடையில் விலைகூடக் கேட்டுவிட்டேன். அதற்கு நடுவே இன்னொரு யோசனை வந்தது: கைப்பிரேக் கேபிளை முறுக்கி இறுக்கிவிட்டால் கிளிக் குறையுமே! தொலைபேசியில் மாமாவிடம் சொன்னேன்.

"கேபிளைத் தொடாதீர்கள் மாப்பிள்ளை. காய்ச்சல் வந்தவனுக்குத் தெர்மாமீட்டரை ஐஸில் வைத்துக் காட்டுவதுபோல இருக்கிறது நீங்கள் சொல்வது."

அவர் சொன்னதன் பொருள் இது. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடினால் கைப்பிரேக் அதிகத் தூரம் இழுக்க வேண்டியிருக்கும். கேபிளைச் சுருக்கினால் எண் குறையும், இடைவெளி அப்படியே இருக்கும். மேலும், கேபிள் இறுகினால் உள்ளே கைப்பிரேக் நெம்புகோல் தன் ஓய்விடத்துக்குத் திரும்பாது. பல வகை டிரம் பிரேக்குகளில் அந்த நெம்புகோல் ஓய்விடத்தில் இருந்தால்தான் தானியங்கி அட்ஜஸ்டர் ஒழுங்காக வேலை செய்யும். ஷூவின் இடைவெளியை முதலில் சரிசெய்து, கேபிளைக் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

இதெல்லாம் கேட்டும் நான் காரை ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். முன்பக்க டிஸ்க் நன்றாகப் பிடித்ததால் கார் நின்றுகொண்டிருந்தது. அதுவே என்னை ஏமாற்றியது. மிதி இறங்கும் காரை ஓட்டியிருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை இரவு அந்தச் சரிவில்தான் புத்தி வந்தது.

மிதியிடம் கேட்ட மூன்று கேள்விகள்

ஜூன் 30, ஞாயிறு. விடியற்காலை காலியான சாலையில் ஊர்ந்து மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மாமா ஸ்பேனரை எடுக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டு, மிதியோடு பேச ஆரம்பித்தார்.

முதலில் மிதியை ஒரே அழுத்தாக அழுத்தி அரை நிமிடம் பிடித்திருந்தார். மிதி நின்ற இடத்திலேயே நின்றது. மெல்ல மெல்ல அமிழ்ந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது அல்லது எங்கோ கசிவு என்று பொருள். அமிழவில்லை. நான் வாங்க இருந்த மாஸ்டர் சிலிண்டரின் விலை அந்த அரை நிமிடத்தில் மிஞ்சியது.

அடுத்து வேகமாக இரண்டு மூன்று முறை மிதித்தார். மிதி உயர்ந்தது, உயர்ந்த இடத்தில் கல்போல் நின்றது. காற்று இருந்தால் மிதி ஸ்பிரிங்போல் நெகிழும். இங்கே நெகிழ்ச்சி இல்லை, தூரம்தான் அதிகம். அதாவது ஆயில் நன்றாகத் தள்ளுகிறது, ஆனால் ஷூ டிரம்மைத் தொட நீண்ட பயணம் போகிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. கைப்பிரேக்கை நன்றாக இழுத்துவைத்துவிட்டு மிதியை அழுத்தினார். மிதி பழைய உயரத்தில், கெட்டியாக நின்றது. கைப்பிரேக் பின்பக்க ஷூக்களை முன்கூட்டியே டிரம்முக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ஆகவே மிதிக்கு மிச்சப் பயணம் இல்லை. கைப்பிரேக் இழுத்தால் மிதி உயர்கிறது என்றால் குற்றவாளி பின்பக்க ஷூவின் இடைவெளிதான். இந்தச் சோதனைக்கு ஒரு காசு செலவில்லை, ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். நான் அரை லிட்டர் ஆயிலை வீணாக்கும் முன் இதைச் செய்திருக்கலாம்.

அதற்குப் பிறகு என் நோட்டை வாங்கிப் பார்த்தார். தூரத்தையும் கிளிக்கையும் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "கடற்பாலத்தில் பிரேக்கை எத்தனை முறை மிதித்திருப்பீர்கள்?"

நூற்றுக்கணக்கில், என்றேன்.

"தேய்மானம் என்றால் கிலோமீட்டரோடு போகும். நிற்கிற காரை மிதித்து மிதித்துப் பிடித்தால் லைனிங் எப்படித் தேயும்? இது மிதியின் எண்ணிக்கையோடு போகிறது. மிதிக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ ஒன்று பின்னுக்குப் போகிறது."

நான் வாயடைத்துப்போனேன். விடை என் கையெழுத்திலேயே என் நோட்டில் எட்டு நாளாகக் கிடந்தது.

அட்ஜஸ்டரின் இரட்டை முகம்

வலது டிரம்மை மட்டும் கழற்றினோம். லைனிங் புத்தம் புதிதாக இருந்தது. அட்ஜஸ்டர் மட்டும் ஏறத்தாழ முழுதாக உள்ளே சுருங்கியிருந்தது.

இரண்டு ஷூக்களுக்கும் குறுக்கே கிடக்கும் ஒரு சிறு கம்பிதான் அட்ஜஸ்டர். நடுவில் மரை, மரையோடு சேர்ந்த பல்சக்கரம். சக்கரத்தைத் திருப்பினால் கம்பி நீளும், ஷூக்கள் டிரம்மை நெருங்கி நிற்கும். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் ஒரு சிறு நெம்புகோல் இந்தப் பல்சக்கரத்தைத் தடவும். இடைவெளி சரியாக இருந்தால் நெம்புகோலின் அசைவு ஒரு பல்லைத் தாண்டப் போதாது, ஒன்றும் நடக்காது. லைனிங் தேய்ந்து இடைவெளி கூடினால் அசைவு கூடும், ஒரு பல் நகரும், கம்பி நீளும். யாரும் தொடாமலே பிரேக் தன்னைச் சரிக்கட்டிக்கொள்ளும். அழகான ஏற்பாடு.

இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பங்கள். நெம்புகோல் சக்கரத்தைச் சுழற்றும் திசையும் இரண்டு பக்கத்திலும் எதிரெதிர். இரண்டு பக்கமும் கம்பி நீள வேண்டுமானால் ஒரு பக்கத்து மரை வழக்கமான மரையாகவும் மறுபக்கத்து மரை எதிர்த்திசை மரையாகவும் இருந்தாக வேண்டும். மாமா அட்ஜஸ்டரைக் கையில் எடுத்துத் திருகிப் பார்த்தார்.

"சங்கில் வலம்புரி, இடம்புரி இருக்கிறதல்லவா? மரையிலும் உண்டு. நீங்கள் இடம் மாற்றிப் பூட்டியிருக்கிறீர்கள்."

இரண்டும் ஒரே நீளம், ஒரே கனம், ஒரே கவடு. தவறான பக்கத்திலும் முனகாமல் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தைக் காட்டும் எழுத்து பொறித்த இடம் பதினான்கு ஆண்டுத் துருவில் மங்கியிருந்தது. மரையின் சாய்வை உற்றுப் பார்த்தாலோ, திருகிப் பார்த்தாலோ மட்டும் வித்தியாசம் தெரியும். நான் பளிச்சென்று துடைத்தேனே தவிர, திருகிப் பார்க்கவில்லை.

முதல் பத்து நாள் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கும் இப்போது விளக்கம் கிடைத்தது. நான் கையால் இடைவெளியைச் சரியாக வைத்திருந்தேன். நெம்புகோலின் அசைவு ஒரு பல்லுக்குப் போதாததால் சக்கரம் சும்மா இருந்தது, மறுசோதனையிலும் தேறியது. புது லைனிங் பழகித் தேய்ந்து இடைவெளி கொஞ்சம் கூடியதும் அட்ஜஸ்டர் விழித்துக்கொண்டது. ஒரு பல் நகர்த்தியது. நீள வேண்டிய கம்பி சுருங்கியது. இடைவெளி இன்னும் கூடியது, நெம்புகோலின் அசைவும் கூடியது, அடுத்த மிதிக்கு அடுத்த பல். ஆகவேதான் பத்து நாள் அசையாமல் இருந்த எண் அடுத்த பத்து நாளில் ஏழிலிருந்து பன்னிரண்டுக்குப் பாய்ந்தது. கடற்பால வரிசையில் காரோட்டிய அந்த நாள், என் அட்ஜஸ்டருக்கு ஒரு மாத வேலையை ஒரே நாளில் கொடுத்திருக்கிறது.

ஒரு சந்தேகம் எழலாம்: அட்ஜஸ்டர் வேலையே செய்யாமல் இருந்திருந்தால்? வேலை செய்யாத அட்ஜஸ்டர் இதைவிடக் குறைந்த தீமை. அதில் லைனிங் தேயும் அளவுக்குத்தான் மிதி இறங்கும். இடம் மாறிய அட்ஜஸ்டரோ சுறுசுறுப்பாகத் தவறு செய்யும்.

மறுபடி பூட்டியது

இந்த முறை ஒழுங்கு வேறு. வலது பக்கத்தைக் கழற்றும்போது இடது சக்கரம் தரையில் இருந்தது, டிரம் மூடியிருந்தது. ஆனால் அட்ஜஸ்டர் மாற்ற இரண்டும் வேண்டுமே? வலது அட்ஜஸ்டரைக் கழற்றியதும் அது உண்மையில் எந்தப் பக்கத்துக்கு உரியது என்று காகித நாடாவில் எழுதி ஒட்டினார் மாமா. பிறகு இடதைக் கழற்றி அதற்கும் ஒட்டினார். மரைகளைக் கிளீனரால் கழுவி, அதிக வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை மெல்லிசாகத் தடவினோம். பின்தகட்டில் ஷூ உரசும் ஆறு மேடுகளிலும் அரிசி அளவு. அதற்கு மேல் போட்டால் சூட்டில் உருகி லைனிங்குக்கு ஓடிவிடும்.

பூட்டியபின் மூடும் முன் ஒரு சோதனை செய்தார். அதை எல்லாரும் செய்ய வேண்டும் என்பேன். நெம்புகோலை விரலால் ஒருமுறை இயக்கி, பல்சக்கரம் நகரும்போது கம்பி நீள்கிறதா சுருங்குகிறதா என்று பார்ப்பது. பத்து விநாடி வேலை. ஜூன் 8 அன்று நான் இதைச் செய்திருந்தால் தகரத்தில் எத்தனை குழப்பினாலும் கவலை இருந்திருக்காது.

டிரம்மை மாட்டி, ஷூவை விரித்து, 8 பல் பின்வாங்கி, மிதியைச் சில முறை மெல்ல மிதித்து ஷூக்களை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கடைசியாகக் கைப்பிரேக்கை எண்ணினோம். 7. கேபிளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. வீட்டுச் சந்திலேயே நடைவேகத்தில் இரண்டு முறை நிறுத்திப் பார்த்த பிறகுதான் பெரிய சாலைக்கு எடுத்தேன். சிலேத்தார் பக்கம் ஞாயிறு காலை சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன. மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து மெல்ல நிறுத்துவது, கொஞ்சம் ஆறவிடுவது, மறுபடி நிறுத்துவது என்று பத்துப் பன்னிரண்டு முறை.

பழைய ஆயில் இரண்டு பாட்டில் சேர்ந்திருந்தது. அதைச் சாக்கடையிலோ குப்பைக் குழாயிலோ கொட்டுவதற்கில்லை. முன்பு விலை கேட்ட பட்டறையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன், அவர்கள் கழிவு எண்ணெய்க்காரரிடம் சேர்ப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். நானே வேலை செய்தேன் என்று கேட்டதும் அங்கிருந்த மூத்த மெக்கானிக் சிரித்துவிட்டு, "அட்ஜஸ்டரை மாற்றிப் போட்டீர்களா?" என்றார். நான் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஷூ 58 வெள்ளி, சிலிண்டர் இரண்டும் 64, ஆயிலும் கிளீனரும் 30, வீணாகக் காற்றெடுத்த ஆயில் 12, ஜாக் ஸ்டாண்டும் டார்க் ஸ்பேனரும் 110. மொத்தம் 274. பட்டறை விலையில் மிச்சம் 46 வெள்ளி. கருவிகள் நிற்கும் என்று மனைவியிடம் வாதிட்டேன். மூன்று வார இறுதிகளை என்ன கணக்கில் எழுதுவது என்று அவள் கேட்டாள்.

மிதி இறங்கியதும் எல்லாருக்கும் வாயில் வருவது காற்றும் மாஸ்டர் சிலிண்டரும்தான். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். கடைசியாகக் கை வைத்த இடத்தைத் திரும்பிப் பார்க்க மனம் வரவில்லை, ஏனென்றால் அது நான் பெருமைப்பட்ட இடம்.

2025 ஜூனில் கார் மறுபடி உருளைகளின் மேல் ஏறியது. பின்பக்கம் இடதும் வலதும் ஏறத்தாழ ஒரே எண். காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மாமாவிடமிருந்து அழைப்பு. தேறியதா என்று அவர் கேட்கவில்லை.

"எத்தனை கிளிக்?"

"ஏழு, மாமா."

"சரி, வைக்கிறேன்."